நமத்துப்போகாத கார்ன்ஃபிளேக்ஸ்: இராமநாதபுரம் கரையோர வீடுகளுக்கு

மதுரையில் வாயைச் சும்மா மடித்து வைத்த கார்ன்ஃபிளேக்ஸ் பாக்கெட் ஒரு வாரம் தாங்கும். அதே பாக்கெட்டைப் பாம்பனிலோ தேவிபட்டினத்திலோ அப்படி வைத்தால் மூன்றாம் நாளே பழைய அப்பளம் மாதிரி வளையும். கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. இது முழுக்க ஈரக் கணக்கு.

ஆலையிலிருந்து வரும்போது கார்ன்ஃபிளேக்ஸில் ஈரம் சுமார் 3 சதவீதம்தான் இருக்கும். அது 6, 7 சதவீதத்தைத் தொட்டாலே கடிக்கிற சத்தம் போய்விடும். அதாவது 100 கிராம் கார்ன்ஃபிளேக்ஸைக் கெடுக்க 4 கிராம் தண்ணீர் போதும், ஒரு டீஸ்பூன் கூட இல்லை. அந்தத் தண்ணீரை யாரும் ஊற்ற வேண்டியதில்லை, நம் ஊர்க் காற்றே கொடுத்துவிடும். காய்ந்த மாவுப்பொருள் கண்ணாடி மாதிரி விறைப்பாக இருப்பதால்தான் உடையும்போது சத்தம் வருகிறது. ஈரம் ஏறினால் அந்த விறைப்பு தளர்ந்து ரப்பர் குணம் வந்துவிடும். ஈரத்தை வெளியேற்றினால் விறைப்பு திரும்பும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

எதை வாங்குவது

கார்ன்ஃபிளேக்ஸ் நமக்குப் புதுச் சரக்கு மாதிரித் தெரிந்தாலும் செய்முறையில் அது மக்காச்சோள அவல்தான். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்குகிறோம். அங்கே உடைத்த மக்காச்சோளத்தைச் சர்க்கரை, உப்பு, மால்ட் சேர்த்து வேகவைத்து, ஓரளவு உலர்த்தி, உருளைகளுக்கு நடுவில் நசுக்கி, கடைசியில் வாட்டுகிறார்கள். 1894இல் அமெரிக்காவின் பேட்டில் கிரீக் ஊரில் கெல்லாக் சகோதரர்களுக்கு முதலில் அமைந்தது கோதுமைத் தகடு. வெந்த கோதுமை கவனிப்பாரின்றிக் கிடந்து, பிறகு உருளையில் விட்டபோது தனித்தனித் தகடாக வந்தது. மக்காச்சோளத்துக்கென்று கம்பெனி தொடங்கியது 1906இல். அந்தக் கடைசி வாட்டலை நம் அடுப்பிலும் திரும்பச் செய்ய முடியும் என்பது நமக்குத் தேவையான சேதி. அதைப் பிறகு பார்ப்போம்.

எல்லா வகையும் இந்தக் காற்றை ஒரே மாதிரி தாங்குவதில்லை. சாதா கார்ன்ஃபிளேக்ஸ் நடுத்தரம். அரிசிப் பொரி மாதிரி உப்பிய வகைகள் உள்ளே வெறும் காற்றறைதான், சீக்கிரம் நமக்கும். தேன், சர்க்கரை பூசியவை பாலில் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும், ஏனென்றால் பூச்சு பாலைத் தடுக்கிறது. ஆனால் திறந்த பாக்கெட்டில் அதே பூச்சுதான் முதலில் ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும், இரண்டு நாளில் கட்டியாக ஒட்டும். தேன் பூசியதில் இது இன்னும் மோசம். கனமான கோதுமைச் சிப்பி வடிவச் சாக்லேட் வகைகள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்கு எவ்வளவு என்ற வரியைப் படியுங்கள். குழந்தைகளுக்கென்று படம் போட்டவற்றில் கால் பங்குக்கு மேல் சர்க்கரையாக இருப்பது அபூர்வமில்லை.

ஓட்ஸ், தகடுகள், கொட்டைகள், உலர்பழம் கலந்து வரும் மியூஸ்லியில் ஒரு தனிக் கோளாறு உண்டு. அதிலுள்ள உலர்திராட்சையில் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் அந்த ஈரம் உள்ளேயே நடந்து தகடுகளுக்குப் போய்விடும். தகடு நமக்கும், திராட்சை கல்லாகும். பாக்கெட் திறந்த அன்றே திராட்சையைப் பொறுக்கித் தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பொறுக்குகிற வேலையைச் சந்தோஷமாகச் செய்வார்கள், பாதி திராட்சை காணாமல் போகும் என்பது தனிக் கணக்கு.

பாக்கெட்டின் அளவில்தான் பலரும் ஏமாறுவது. பெரிய பாக்கெட் கிலோவுக்கு மலிவு என்பது உண்மை, நம் கரையில் அது லாபமில்லை. ஒருவருக்கு ஒரு வேளை 30 கிராம். இரண்டு பேர் தினமும் தின்றால் 300 கிராம் பாக்கெட் ஐந்து நாளில் தீரும். திறந்தது பத்து நாளுக்குள் தீர வேண்டும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஐந்து நாளுக்குள். உங்கள் வீட்டு ஆட்களை எண்ணி இந்தக் கணக்கில் வாங்குங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடா நாடுகளிலிருந்து பெட்டியில் வரும் பாக்கெட்டுகளுக்கு ஒரு வார்த்தை. அட்டைப்பெட்டி நசுங்கியிருந்தால் கவலையில்லை, அட்டை காற்றை எப்போதுமே தடுப்பதில்லை. தடுப்பது உள்ளே இருக்கும் பை. வந்தவுடன் அட்டையைத் திறந்து பையை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். காற்று நின்றால் நல்லது, அலமாரியில் வைக்கலாம். புஸ்ஸென்று இறங்கினால் தையலில் ஓட்டை. அதை முதலில் தின்று தீர்க்க வேண்டும்.

திறப்பதும் மூடுவதும்

இரண்டு கையாலும் இழுத்துப் பையைக் கிழிக்கும் பழக்கத்தை விடுங்கள். பக்கவாட்டில் ஓடும் ஒரு கிழிசல் போதும், அப்புறம் எந்தக் கிளிப்பும் உதவாது. மேல் ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு விரல் அகலம் நேராக வெட்டுங்கள். எடுத்து முடித்ததும் உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிவிட்டு, மூன்று நான்கு மடிப்பு இறுக்கமாகச் சுருட்டி, துணிக் கிளிப் இரண்டு போடுங்கள். பிறகு பையோடு டப்பாவுக்குள் வையுங்கள். பையிலிருந்து கொட்டி டப்பாவை நிரப்புவதைவிட இது மேல். பை ஒரு தடுப்பு, டப்பா இன்னொரு தடுப்பு. கொட்டி வைத்த டப்பா காலியாகக் காலியாக மேலே காற்று கூடிக்கொண்டே போகும். திறக்கும் ஒவ்வொரு முறையும் அது புது ஈரக்காற்றாக மாறும்.

டப்பா சில்வரோ பிளாஸ்டிக்கோ, மூடிதான் முக்கியம். பாதி தண்ணீர் ஊற்றி மூடிக் கவிழ்த்து ஒரு நிமிடம் பிடியுங்கள். சொட்டினால் அது பருப்பு வைக்கத்தான் லாயக்கு. ரப்பர் வளையம் உள்ள மூடி நல்லது, வளையம் தளர்ந்ததும் மாற்றுங்கள். சோதித்த டப்பாவைத் துடைத்து வெயிலில் அரை நாள் காயவைக்காமல் நிரப்பாதீர்கள். மூடியின் மரையில் ஒளிந்திருக்கும் தண்ணீரே 4 கிராம் வரும்.

வைக்கும் இடம்: அடுப்புக்கு மேல் தட்டு கூடாது, சோறு கொதிக்கும் ஆவி நேரே அங்கேதான் போகும். தண்ணீர்ப் பானைக்குப் பக்கமும் கூடாது. அரிசி மூட்டைக்குப் பக்கத்திலும் வேண்டாம், வண்டு அங்கிருந்துதான் குடிவரும். கடலைப் பார்த்த சன்னல் இல்லாத உள்ளறை அலமாரி சரியான இடம்.

நேரமும் பார்க்க வேண்டும். விடியற்காலைக் காற்றில்தான் ஈரம் உச்சம், நாம் பாக்கெட்டைத் திறப்பதும் அப்போதுதான். வெயில் ஏறிய முற்பகலில், கடற்காற்று வலுக்கும் முன்னால், மறுநாளைக்கு வேண்டியதை மட்டும் ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வைத்துவிட்டால் பெரிய பாக்கெட்டை அதிகாலையில் தொடவே வேண்டாம். நோன்பு மாதத்தில் சஹருக்குச் சாப்பிடுகிற வீட்டிலும், விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிற வீட்டிலும் இந்த ஒரு மாற்றமே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

ஈரம் உறிஞ்ச உப்புப் பொட்டலம் போடுகிறவர்கள் உண்டு. போடாதீர்கள். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுக்கத் தொடங்கும். கார்ன்ஃபிளேக்ஸ் அதற்கு வெகுமுன்பே நமத்திருக்கும். உப்பளத்துக் கல்லுப்போ மெக்னீசியம் கலந்தது. சீக்கிரமே ஈரம் குடித்து, குடித்ததைச் சொட்டுச் சொட்டாக டப்பாவின் அடியில் விடும். அதற்குப் பதில் 50 கிராம் பச்சரிசியை வெறும் சட்டியில் லேசாகச் சிவக்க வறுத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டு, மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து டப்பாவின் அடியில் போடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை அதே அரிசியை மறுபடி வறுத்துக்கொள்ளலாம். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் தின்கிற பண்டத்தோடு சேரக்கூடாது.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா? இறுக மூடிய டப்பாவில் என்றால் வைக்கலாம். ஆனால் குளிர்ந்த டப்பாவை எடுத்தவுடன் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே தகட்டின் மேல் வியர்த்துப் படியும், கடையிலிருந்து வாங்கிய குளிர்ந்த பாட்டில் வியர்ப்பது போலத்தான். எடுத்து அரை மணி நேரம் வெளியில் வைத்து, டப்பாவின் புறம் வியர்வை காய்ந்த பிறகு திறக்க வேண்டும். காலையில் அவ்வளவு பொறுமை யாருக்கும் இருக்காது என்பதால், திறக்காத பாக்கெட்டுக்கு மட்டும் ஃபிரிட்ஜ் என்று வைத்துக்கொள்வது நல்லது.

நமத்ததை மீட்பது

ஓவன் இருந்தால் 110 டிகிரியில் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். தகடுகளை ஒரு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் தட்டில் பரப்பி 6 முதல் 8 நிமிடம். இடையில் ஒரு முறை புரட்டுங்கள். இல்லையென்றால் கனமான இரும்புச் சட்டியைச் சிறு தீயில் காயவைத்து, இரண்டு கைப்பிடி அளவாகப் போட்டு, மரக்கரண்டியால் அடியிலிருந்து தூக்கித் தூக்கி 4, 5 நிமிடம். சூடாக இருக்கும்போது மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு பண்ணாதீர்கள். ஒரு தகட்டை வெளியே எடுத்து ஆறவிட்டு உடைத்துப் பாருங்கள். டக்கென்று ஒடிந்தால் போதும்.

தவறுகிற இடங்கள் இரண்டு. முதலாவது, தீ கூடினால் ஓரம் கருகி நடு நமத்தே இருக்கும். சர்க்கரை பூசியதாக இருந்தால் பூச்சு உருகிச் சட்டியில் ஒட்டும், அதற்கு 90 டிகிரிக்கு மேல் வேண்டாம், நேரத்தைக் கூட்டுங்கள். இரண்டாவது, வெதுவெதுப்பாக இருக்கும்போதே டப்பாவில் போட்டு மூடுவது. உள்ளே ஆவி படிந்து, எடுத்த ஈரம் அப்படியே திரும்பிவிடும். அதற்காக இரவு முழுக்க ஆறவும் விடக்கூடாது, கடற்காற்று வேலையைக் காட்டும். கையில் சூடு தெரியாத அளவு, பத்துப் பதினைந்து நிமிடம், அவ்வளவுதான். மைக்ரோவேவ் இதற்குத் தோதுப்படாது. சில இடம் கருகும், சில இடம் தொய்யும்.

வாட்டுமுன் முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை, அதாவது பழைய எண்ணெய் வாடை அடித்தால் அது ஈரப் பிரச்சினை இல்லை, கொழுப்பு கெட்டிருக்கிறது. வாட்டினால் போகாது. ஓட்ஸிலும் பாதாம் முந்திரி கலந்த மியூஸ்லியிலும் இது சகஜம். நூலாம்படை மாதிரி ஒட்டியிருந்தால் அந்துப்பூச்சி, அதையும் கொட்டிவிட வேண்டியதுதான். புதிதாக வாங்கிய ஓட்ஸை நான்கு நாள் ஃபிரீசரில் வைத்து, வெளியே எடுத்து, திறக்காமல் குளிர் இறங்கவிட்டு அலமாரிக்கு மாற்றினால் முட்டை, புழு எதுவும் மிஞ்சாது.

பால்

நம் வீடுகளில் கார்ன்ஃபிளேக்ஸ் கூழாவதற்குக் கொதிக்கும் பாலும் ஒரு காரணம். சூடான பால் மாவுக்குள் வேகமாக இறங்கும், ஒரு நிமிடத்தில் கதை முடிந்தது. பாலைக் காய்ச்சி, ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் வைத்து, ஆடையை எடுத்துவிட்டு ஊற்றுங்கள். குளிர்ந்த பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அறைச் சூட்டுப் பால் பரவாயில்லை. சளி பிடிக்கும் என்று சுடச்சுட ஊற்றித் தருகிற பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஓட்ஸ் காய்ச்சிக் கொடுங்கள், இரண்டு தரப்புக்கும் நல்லது.

30 கிராம் கார்ன்ஃபிளேக்ஸுக்கு 125 மில்லி பால். கொழுப்பு கூடிய பால் கொஞ்சம் மெதுவாக ஊறும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. தினத்துக்குப் பச்சை போதும். பால் பவுடர் கரைப்பதானால் 200 மில்லி தண்ணீருக்கு 30 கிராம், காய்ச்சி ஆறிய கேன் தண்ணீரில். கிணற்று உவர் தண்ணீரில் கரைத்தால் கரிப்பு நாக்கில் நிற்கும்.

முதலில் பாலைக் கிண்ணத்தில் ஊற்றி, கார்ன்ஃபிளேக்ஸைப் பாதிப் பாதியாக மேலே போட்டுத் தின்பது எங்கள் கட்சி. முழுவதையும் போட்டுப் பாலில் முக்கினால் கடைசிக் கரண்டி எப்போதும் கஞ்சிதான். வாழைப்பழம் துண்டாக மேலே போடலாம். நுங்குக் காலத்தில் நுங்கு அருமையான ஜோடி, ஆனால் அதன் தண்ணீர் தகட்டில் படும். நுங்கை முன்பே பாலில் போட்டுவிட்டு, தகட்டைக் கடைசியில் சேருங்கள்.

இனிப்புக்குக் கருப்பட்டி சேர்ப்பதானால் பாலோடு கொதிக்கவிடாதீர்கள், திரிந்துபோகும். கருப்பட்டியைத் தனியே தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி வடிகட்டி, ஆறியபின் ஆறிய பாலில் ஒரு மேசைக்கரண்டி.

வீட்டிலேயே செய்வது: கருப்பட்டி அவல் பொரி

கார்த்திகைத் தீபத்துக்குக் கடைகளில் குவியும் அவல் பொரியைவிடப் பொருத்தமான காலைச் சீரியல் நம் ஊரில் கிடையாது. உருண்டை பிடிக்காமல் உதிரியாகப் பாகு பூசினால் பாலில் நன்றாக நிற்கும்.

வேண்டியவை: அவல் பொரி 200 கிராம், கருப்பட்டி 120 கிராம், தண்ணீர் 60 மில்லி, வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 50 கிராம், வறுத்த எள் 2 மேசைக்கரண்டி, தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 2 டீஸ்பூன், சுக்குத்தூள் கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

பொரி கிடைக்காத மாதங்களில் கெட்டி அவலைப் பொரித்துக்கொள்ளலாம். இரும்புச் சட்டியில் அரைக் கிலோ கல்லுப்பை நன்றாகச் சூடேற்றி, ஒரு கைப்பிடி அவல் போட்டுக் கிளறினால் பத்துப் பதினைந்து வினாடியில் உப்பும். உடனே சல்லடையில் கொட்டிச் சலித்துவிடுங்கள். கழுவிக் காயவைத்த ஆற்று மணலும் ஆகும். கடற்கரை மணல் வேண்டாம், அதில் சிப்பித் தூள் கலந்திருக்கும், சல்லடையில் போகாமல் பல்லில் மாட்டும்.

பொரியைச் சட்டியில் ஐந்து நிமிடம் சிறு தீயில் வாட்டி, சூடு ஆறாமல் மூடி வையுங்கள். இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஆறிய பொரியில் பாகு பட்டால் பட்ட இடத்திலேயே உறைந்து கட்டியாகும், மற்ற பாதிக்குப் பாகே போகாது.

கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். சாயல்குடிப் பக்கத்து நல்ல கருப்பட்டியிலும் மணலும் சுண்ணாம்பும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். வடித்ததைக் கனமான பாத்திரத்தில் கொதிக்கவிட்டு எண்ணெய், உப்பு, சுக்கு சேருங்கள். நுரை பெரிதாகப் பொங்கி, பிறகு சிறுத்து, மெதுவாக வெடிக்கத் தொடங்கும். ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். உருட்ட வருகிறதே என்று அதற்கு முன் இறக்கினால் பாகில் தண்ணீர் மிச்சமிருக்கும், மாலைக்குள் எல்லாம் பிசுபிசுக்கும். மதுரைச் சமையல் குறிப்புகளில் சொல்லும் பதம் நம் கரைக்குக் காணாது, இன்னும் ஒரு நிமிடம் கூட வையுங்கள். கருகினால் கசக்கும், ஆகவே இந்த ஒரு நிமிடமும் தீ சிறுக்க வேண்டும்.

பாகைச் சூடான பொரிமேல் சுற்றி ஊற்றி, கடலை எள் சேர்த்து, எண்ணெய் தடவிய இரண்டு கரண்டியால் வேகமாகப் புரட்டுங்கள். பிறகு ஓவனில் 120 டிகிரியில் 15 நிமிடம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கிளறிவிட்டு. ஓவன் இல்லாவிட்டால் தோசைக்கல்லின் மேல் சட்டியை வைத்துச் சிறு தீயில் 10 நிமிடம். ஆறும்போது ஒட்டியதை விரலால் உதிர்த்து, சூடு தணிந்ததும் டப்பாவில் அடையுங்கள். பத்து நாள் நிற்கும்.

எவ்வளவு காய்ச்சியும் பாகு பதத்துக்கு வரவில்லை என்றால் குற்றம் உங்களுடையதல்ல. புளிப்பேறிய பதனீரில் காய்ச்சிய கருப்பட்டியிலும், ஈரத்தில் கசிந்த பழைய கருப்பட்டியிலும் சர்க்கரை உடைந்து போயிருக்கும், அது உறையாது. தட்டினால் கணீரென்று உடைகிற கருப்பட்டியாகப் பாருங்கள். சீனி கலந்த கருப்பட்டியில் பாகு அழகாக உறையும் என்பது வேடிக்கை. பாகு நன்றாக வந்தது என்பதை மட்டும் வைத்துக் கருப்பட்டி சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். மழை மாதத்தில் கருப்பட்டி சரியில்லை என்று தோன்றினால் 120 கிராமில் 30 கிராமுக்குச் சீனியை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம், பாகு பிடித்துக்கொள்ளும்.

பாக்கெட்டின் அடியில் மிஞ்சும் தூளைப் பாலில் போட்டால் சேறாகும். இனிப்புப் பூசாத கார்ன்ஃபிளேக்ஸ் தூளாக இருந்தால் டப்பாவில் சேர்த்து வையுங்கள். 100 கிராம் சேர்ந்ததும் வாட்டிப் பொடித்து, மிளகாய்த்தூளும் உப்பும் கலந்து, முட்டையில் தோய்த்த சீலா மீன் துண்டுகளைப் புரட்டிப் பொரிக்கலாம். அரைக் கிலோ மீனுக்கு அந்தத் தூள் சரியாக வரும்.